பாறைத் தண்டும் பங்கு விலையும்

மாணவர்களே, முதலில் இந்த வரியைப் படியுங்கள்:

"துளை எண் 14: 62 மீட்டர் ஆழத்திலிருந்து 20 மீட்டர் நீளத்துக்கு, டன்னுக்கு 3 கிராம் தங்கம்."

இது பாடத்துக்காக நான் எழுதிக்கொண்ட வரி. ஆனால் இதே வார்ப்பில் அமைந்த அறிவிப்புகள் கனடா, ஆஸ்திரேலியா நாடுகளின் பங்குச் சந்தைகளில் வாரந்தோறும் வெளிவருகின்றன. இப்படி ஓர் அறிவிப்பு வந்த அன்று, காலையில் 10 காசுக்கு விற்ற ஒரு சிறு சுரங்க நிறுவனத்தின் பங்கு மாலைக்குள் 25 காசுக்கு ஏறிவிடலாம். அதற்குள் பூமியிலிருந்து விற்பனைக்கு ஒரு கிராம் தங்கம்கூட வெளியே வந்திருக்காது. சுரங்கமே இருக்காது. காட்டுக்குள் ஒரு துளையிடும் இயந்திரம், ஒரு கூடாரம், பெட்டி பெட்டியாக அடுக்கிவைத்த பாறைத் தண்டுகள், இவ்வளவுதான் இருக்கும்.

அப்படியானால் ஏறியது எது? இதுதான் இன்றைய பாடம். இதில் வேதியியலும் உண்டு, முக்கோணவியலும் உண்டு, நிகழ்தகவும் உண்டு. பணமும் உண்டு. லாயாங் லாயாங்கில் என்னிடம் படிக்கும் படிவம் 4 மாணவி ஒருத்தி, உறவினருக்குப் புலனத்தில் வந்த ஒரு செய்தியைப் பற்றிக் கேட்டாள்: "சார், டன்னுக்கு 3 கிராம் என்றால் ஒரு மோதிரத்துக்குத்தானே காணும்? இதை நம்பி மாமா ஊழியர் சேமநிதிப் பணத்தைப் போடலாமா என்று யோசிக்கிறார்." மிக நல்ல கேள்வி. அதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவதை இப்போதே பார்த்துவிடலாம்.

சாதாரணப் பாறையின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம். ஆக, ஒரு டன் பாறை என்பது பக்கத்துக்கு 72 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரம். உங்கள் வகுப்பு மேசையின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கத்தின் அடர்த்தி 19.3. எனவே 3 கிராம் தங்கத்தின் கனஅளவு 0.16 கன சென்டிமீட்டர்கூட இல்லை. நாலு பச்சைப்பயறு சேர்ந்த அளவு! மேசை உயரப் பாறைக்குள் நாலு பயறு. அதுவும் ஒரே இடத்தில் இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத துகள்களாகத் தூவிக் கிடக்கும். ஆனாலும் இது மோசமான செறிவு அல்ல. பாறை நிலத்தின் மேற்பரப்புக்கு அருகே இருந்து, திறந்தவெளிச் சுரங்கமாக வெட்ட முடிந்தால் டன்னுக்கு 1 கிராமே கட்டுபடியாகலாம். ஆழத்தில் சுரங்கப்பாதை குடைந்துதான் எடுக்க வேண்டும் என்றால் 3 கிராம் போதாமலும் போகலாம். ஆகவே எத்தனை கிராம் என்பதோடு எந்த ஆழத்தில், எவ்வளவு டன், எந்த வடிவில் என்றெல்லாம் கேட்டாக வேண்டும்.

இரண்டாவது கேள்விக்குச் சற்றுச் சுற்றிவர வேண்டும்.

பெரிய சுரங்க நிறுவனம் தோண்டி, விற்று, இலாபம் பார்க்கும். சிறு ஆய்வு நிறுவனத்துக்கு விற்க ஒன்றுமே கிடையாது. அதனிடம் இருப்பது ஒரு நிலத்தில் தேடிப் பார்க்கும் உரிமமும், பங்கு விற்றுத் திரட்டிய கொஞ்சம் பணமும்தான். அதன் பங்குக்கு ஒரு விலை இருக்கிறது என்றால், அது நாளை ஒரு சுரங்கம் அமையலாம் என்ற வாய்ப்பின் விலை. ஓர் எளிய கணக்குப் போடுவோம். ஒரு நிறுவனத்துக்கு 200 மில்லியன் பங்குகள். ஒன்று 10 காசு. ஆக மொத்த மதிப்பு 20 மில்லியன் ரிங்கிட். சுரங்கம் உண்மையிலேயே அமைந்தால் நிறுவனம் 400 மில்லியன் ரிங்கிட் பெறும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சந்தையில் இருப்போர் மனத்தில் வெற்றி வாய்ப்பு 20 வகுத்தல் 400, அதாவது 5 விழுக்காடு. துளை எண் 14-இன் முடிவு வந்ததும் அந்த நம்பிக்கை 12.5 விழுக்காடாகிறது. மதிப்பு 50 மில்லியன். பங்கு 25 காசு. பாறை அதே பாறைதான், அதைப் பற்றிய நமது அறிவு மட்டுமே மாறியிருக்கிறது. அடுத்த துளை வெறுங்கல்லாக வந்து நம்பிக்கை 2 விழுக்காட்டுக்கு இறங்கினால்? பங்கு 4 காசு.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால், பலரைக் குழப்பும் இன்னொன்றும் விளங்கும். நல்ல முடிவு வந்த நாளிலும் விலை இறங்குவது உண்டு. டன்னுக்கு 8 கிராம் வரும் என்ற வதந்தியில் விலை ஏற்கனவே ஏறியிருந்து, வந்தது 3 கிராம் என்றால், 3 கிராம் நல்ல செறிவாக இருந்தும் விலை சரியும். சந்தை முடிவைத் தான் எதிர்பார்த்ததோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கும்.

இனி, அந்த முடிவு எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். வைர முனை பொருத்திய குழாய் சுழன்றுகொண்டே பாறைக்குள் இறங்கும்போது, குழாயின் நடுவே ஓர் உருளைத் தண்டு அறுபட்டு மேலே வருகிறது. பெரும்பாலும் அதன் விட்டம் 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மீட்டர் தண்டு ஏறத்தாழ 5 கிலோ. அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, மறுபாதியை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பெட்டியில் வைத்த அந்தப் பாதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதனிடம் வருவோம்.

ஆய்வகத்தில் பாறையை மாவாக அரைத்து, அதிலிருந்து 30 அல்லது 50 கிராம் மட்டும் எடுத்து, ஈய ஆக்சைடும் வெண்காரமும் சேர்த்து 1000 பாகை செல்சியசுக்கு மேல் உருக்குவார்கள். உருகிய ஈயம் தங்கத்தையும் வெள்ளியையும் தன்னுள் இழுத்துக்கொண்டு அடியில் தங்கும். அந்த ஈயக் குண்டை எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்து மீண்டும் சூடேற்றினால், ஈயம் ஆக்சைடாகிக் கிண்ணத்துக்குள் ஊறிப்போகும். மிஞ்சும் மணியிலிருந்து வெள்ளியை நைத்திரிக் அமிலம் கரைத்தெடுக்க, எஞ்சுவது தங்கம். நம் பொற்கொல்லர்கள் புடம் போட்டு மாற்றுப் பார்த்ததும் ஏறக்குறைய இதே வேதியியல்தான்.

இதில் ஒளிந்திருக்கும் சிக்கலைக் கவனியுங்கள். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு தங்க மணியின் எடை ஏறத்தாழ 10 மில்லிகிராம். அது தற்செயலாக அந்த 30 கிராம் மாவுக்குள் சிக்கிவிட்டால், முடிவு டன்னுக்கு 330 கிராமுக்கு மேல் என்று வரும்! சிக்காவிட்டால் சுழியத்தை ஒட்டி வரும். இரண்டும் ஒரே பாறை. வகுப்பில் இதைக் காட்ட நான் கடையில் ஒரு கேக் வாங்கிவந்து, அங்குமிங்குமாக ஐந்தாறு உலர்திராட்சை செருகி, மாணவர்களிடம் ஆளுக்கொரு உறிஞ்சுகுழல் கொடுப்பேன். குழலைக் கேக்கில் குத்தி எடுத்தால் அதுதான் பாறைத் தண்டு. பெரும்பாலோருக்கு வெறும் மாவு வரும். ஒருவருக்குத் திராட்சை மாட்டும். அவர் குழலை மட்டும் பார்த்தால் கேக்கில் கால்வாசி திராட்சை என்றுதான் தோன்றும். அவர் உடனே பங்கு விற்கத் தொடங்கலாம்! (மீதிக் கேக்கை யார் தின்பது என்பதுதான் ஒவ்வோர் ஆண்டும் பெரும் சர்ச்சை.)

இப்போது துளை எண் 14-க்குத் திரும்புவோம். 20 மீட்டரும் சீராக 3 கிராம்தானா? அறிவிப்பின் அடியில், சிறிய எழுத்தில், "இதனுள் 2 மீட்டருக்கு டன்னுக்கு 28 கிராம்" என்று இருக்கிறது என்று வையுங்கள். 20 பெருக்கல் 3, 60. அதில் 2 பெருக்கல் 28, 56. மீதி 18 மீட்டருக்குக் கிடைப்பது வெறும் 4. அதாவது டன்னுக்கு 0.22 கிராம், கிட்டத்தட்ட வெறுங்கல். 2 மீட்டர் வெண்ணெயை 20 மீட்டர் ரொட்டியில் தடவிக் காட்டியிருக்கிறார்கள். எண்ணில் பொய் இல்லைதான். ஆனால் சுரங்கம் வெட்டுகிறவருக்கு 20 மீட்டர் தடிமனுள்ள 3 கிராம் பாறையும், 2 மீட்டர் தடிமனுள்ள 28 கிராம் நாளமும் முற்றிலும் வேறுவேறு வேலைகள்.

இன்னொரு நுணுக்கம் கோணத்தில் இருக்கிறது. தங்கம் பல இடங்களில் தகடு போன்ற குவார்ட்ஸ் நாளங்களில் கிடக்கும். 2 மீட்டர் தடிமனுள்ள நாளத்தைச் செங்குத்தாகத் துளைத்தால் தண்டில் 2 மீட்டர்தான் வரும். 30 பாகைச் சாய்வில் துளைத்தால் 2 வகுத்தல் சைன் 30°, அதாவது 4 மீட்டர். 10 பாகையில் சறுக்கிக்கொண்டே துளைத்தால் 11.5 மீட்டர்! அதனால்தான் ஒழுங்கான அறிவிப்பில் "துளையின் நீளம்" ஒரு பக்கமும் "உண்மைத் தடிமன்" ஒரு பக்கமும் தனித்தனியாக இருக்கும். உண்மைத் தடிமனைச் சொல்லாத அறிவிப்பை நான் பாதி அறிவிப்பு என்றே எடுத்துக்கொள்வேன்.

இதெல்லாம் புதிய தந்திரங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில், நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் பந்தலூர், தேவாலா என்ற ஊர்கள் இருக்கின்றன. இன்று அவை தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்கள். 1880-இல் அந்தப் பெயர்கள் இலண்டன் பங்குச் சந்தையில் அடிபட்டன. அந்தப் பகுதியை அப்போது தென்கிழக்கு வயநாடு என்பார்கள். பணியர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்கள் அங்கே மண்ணையும் ஆற்று மணலையும் அரித்துத் தங்கம் எடுப்பது பழைய வழக்கம். 1874-இல் ஆல்ஃபா என்ற நிறுவனம் பாறையையே உடைத்துப் பார்க்க இறங்கியது. பிறகு 1879-இல், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சுரங்கத்துறைச் செயலாளராக இருந்த ராபர்ட் பிரௌ ஸ்மித் என்பவரை அரசாங்கம் வரவழைத்து ஆய்வு செய்யச் சொன்னது. நிலத்துக்கு மேலே தலைநீட்டிய குவார்ட்ஸ் நாளங்களை ஏராளமாகக் கண்ட அவர், நம்பிக்கையூட்டும் சோதனை முடிவுகளுடன் அறிக்கை அளித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பாடம். ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் இலண்டனில் 30-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் முளைத்தன. அவற்றின் அறிவித்த மூலதனம் 4 மில்லியன் பவுனுக்கும் மேல். அந்தக் காலத்துப் பவுன்! பந்தலூரில் விடுதியும் குதிரைப் பந்தயத் திடலும்கூட வந்தன. சுரங்கம் சரியாகத் தோண்டப்படும் முன்னரே பொன் அரைக்கும் இயந்திரங்கள் மலையேறின. பணத்தின் பெரும்பகுதி நிலத்தை வாங்கவே போயிற்று. விற்றவர்கள் யார் தெரியுமா? காப்பித் தோட்டக்காரர்கள். இலைநோயால் காப்பி செத்துக்கொண்டிருந்த நேரம் அது. காப்பியால் மதிப்பிழந்த நிலம் தங்கத்தால் பல மடங்கு விலை போயிற்று. இந்த அலையில் உறுதியாகக் காசு பார்த்தவர்கள் அவர்களும், நிறுவனங்களைத் தொடங்கிப் பங்குகளைக் கைமாற்றியவர்களும்தான்.

பாறையை அரைத்துப் பார்த்தபோது, சோதனை சொன்னதில் ஒரு சிறு பங்குதான் கிடைத்தது. சில ஆண்டுகளுக்குள் கிட்டத்தட்ட எல்லாம் மூடப்பட்டன. அறிக்கை எழுதியவர் பொய் சொன்னாரா? அப்படிச் சொல்லத் தேவையில்லை. மாதிரிகள் எடுக்கப்பட்ட இடத்தில்தான் சிக்கல். வெப்பமண்டல மழையில் பல்லாயிரம் ஆண்டுகள் நனையும் பாறையில், இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் போன்ற கனிமங்கள் சிதைந்து கரைந்துபோகும். கரையாத தங்கம் எஞ்சி நிற்கும். ஆகவே மேற்பரப்பில் செறிவு கூடுதலாகத் தெரியும். தங்கமும் பிரித்தெடுக்க எளிதாக விடுபட்டு நிற்கும். கீழே போகப்போகச் செறிவு குறையும். இருக்கும் தங்கமும் பைரைட்டுக்குள் சிக்கிக்கொண்டு எளிதில் வெளிவராது. கரைவது கரைய, எஞ்சுவது எஞ்சும் இதே வேலையை நம் ஜொகூர் மண்ணிலும் பார்க்கலாம். குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டத்து மண் செக்கச்செவேல் என்றிருப்பது எஞ்சிய இரும்பால். தெற்கே தெலுக் ரமுனியாவில் பாக்சைட் வெட்டியெடுக்க முடிந்தது எஞ்சிய அலுமினியத்தால். மேல்தோலைச் சுரண்டிப் பார்த்து ஆழத்தை ஊகிப்பது எவ்வளவு ஆபத்து என்பதை இதைவிட எளிதாக நான் சொல்ல முடியாது.

ஆனால் அதே ஆண்டுகளில், அதே இலண்டன் பண அலையில் பிறந்த இன்னொரு இடம் வேறு கதை சொல்கிறது. கோலார் தங்கவயல். அயர்லாந்துக்காரரான லாவெல் என்ற முன்னாள் படைவீரர் 1870-களில் மைசூர் அரசிடம் தேடும் உரிமம் வாங்கினார். அது கைமாறி, 1880-இல் மைசூர் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. சில ஆண்டுகள் தோண்டியும் உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. பங்கின் விலை சில பென்னிகளுக்கு விழுந்தது. நிறுவனத்தின் கையில் மிஞ்சியது 13,000 பவுன். பங்குதாரர்கள் முன் இரண்டு வழிகள்: மிச்சத்தைப் பிரித்துக்கொண்டு கடையைக் கட்டுவது, அல்லது அதையும் மண்ணுக்குள் போடுவது. ஜான் டெய்லர் நிறுவனத்தார் ஆலோசனையின்படி அதையும் போட்டார்கள். கேப்டன் பிளம்மர் என்ற சுரங்க அதிகாரி, பழங்காலத்து மக்கள் தோண்டிக் கைவிட்ட குழிகளுக்கும் கீழே இறங்கித் தேடினார். அங்கே இருந்தது "சாம்பியன்" என்று பின்னால் பெயர் பெற்ற நாளம்.

தொடக்கக் காலத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் தந்த பாறை அது. வட ஆற்காடு, தருமபுரி, சேலம் பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே போனார்கள். நம் முன்னோர் கப்பலேறி மலாயா வந்த அதே காலம். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் இறங்கியது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளிவந்தது. 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டபோது செறிவு டன்னுக்கு 3 கிராம் அளவுக்கு வந்திருந்தது. அவ்வளவு ஆழத்தில் அது கட்டுபடியாகவில்லை. முதலில் நாம் பார்த்த "3 கிராம்" இங்கே சுரங்கத்தை மூடவைத்த எண்ணாக மாறி நிற்பதைக் கவனித்தீர்களா?

பந்தலூர்ப் பங்கை வாங்கியவரும் கோலார்ப் பங்கை வாங்கியவரும் 1880-இல் ஒரே மாதிரிதான் தெரிந்திருப்பார்கள். இருவர் கையிலும் ஒரு காகிதம். இருவருக்கும் ஒரே நம்பிக்கை. கோலார்ப் பங்கைச் சில பென்னிக்கு விற்றுவிட்டுப் போனவரை முட்டாள் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அன்று அவருக்குத் தெரிந்திருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அவர் செய்தது சரிதான்.

மேலே சொன்ன இரண்டிலும் ஏமாற்றியது பாறைதான். இனி வருவதில் மனிதர்கள். இடம் நமக்கு அண்மையில்தான்: சபா, சரவாக் இருக்கும் அதே போர்னியோ தீவில், இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில் உள்ள புசாங்.

1993-இல் பிரீ-எக்ஸ் என்ற சிறிய கனடிய நிறுவனம் புசாங் காட்டில் தேடும் உரிமையைப் பெற்றது. அப்போது அதன் பங்குகள் சில்லறைக் காசுக்கு விற்றன. துளைகள் போடப் போட முடிவுகள் நன்றாக வந்தன. நன்றாக என்றால், நம்ப முடியாத அளவுக்கு நன்றாக. மதிப்பிட்ட தங்கம் 1995-இல் 30 மில்லியன் அவுன்ஸ். 1997 தொடக்கத்தில் 70 மில்லியன் அவுன்ஸ். ஓர் அவுன்ஸ் 31.1 கிராம் என்று பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 2,180 டன். கோலார் 120 ஆண்டுகளில் தந்ததைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்! 1996 மே மாதத்தில் ஒரு பங்கு 280 கனடிய டாலரைத் தாண்டியது. நிறுவனத்தின் மதிப்பு 6 பில்லியன் கனடிய டாலருக்கு மேல் போயிற்று. கனடாவின் ஒந்தாரியோ மாநில ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதிகூட அந்தப் பங்குகளை வாங்கியது. ஆசிரியர் என்ற முறையில் இந்த வரியை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் வயிறு கலங்குகிறது.

இப்போது, நான் நினைவில் வைக்கச் சொன்ன அந்தப் பாதித் தண்டு. பிரீ-எக்ஸ் தண்டை இரண்டாக அறுக்கவில்லை. கையளவு துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற அனைத்தையும் அரைத்துவிட்டது. தங்கம் சீராகப் பரவியில்லாத பாறைக்குப் பெரிய மாதிரி வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். கேக்கும் திராட்சையும் நினைவிருந்தால், இந்தக் காரணம் நியாயமாகவே படும். ஆனால் அதன் விளைவு என்ன? யாராவது சந்தேகப்பட்டால் மறுபடி சோதிக்கப் பாறை மிச்சமில்லை.

1997-இல் ஃப்ரீபோர்ட் என்ற பெரிய அமெரிக்கச் சுரங்க நிறுவனம் பங்காளியாகச் சேர வந்தது. சேருமுன் அது செய்த வேலை மிக எளிமையானது. பிரீ-எக்ஸ் துளைகளுக்குப் பக்கத்திலேயே புதிதாகத் துளையிட்டுப் பார்த்தது. சொல்லும்படியாகத் தங்கம் இல்லை. மார்ச் 19 அன்று, பிரீ-எக்ஸின் புவியியலாளர் மைக்கேல் டி குஸ்மான் புசாங் செல்லும் வழியில் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து இறந்தார். மார்ச் 26-இல் ஃப்ரீபோர்ட்டின் முடிவு வெளியானது. மறுநாள் பிரீ-எக்ஸ் பங்கு 80 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. விற்க முண்டியடித்த கூட்டத்தில் டொரொந்தோ பங்குச் சந்தையின் கணினிகளே திணறின. மே மாதத் தொடக்கத்தில், ஸ்ட்ராத்கோனா என்ற சுயேச்சை ஆய்வு நிறுவனம் இறுதி அறிக்கை தந்தது: மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கம் கலக்கப்பட்டிருக்கிறது.

கண்டுபிடித்தது எப்படி? நுண்ணோக்கியால். பாறைக்குள் பிறந்த தங்கத் துகளுக்குக் கூரிய, ஒழுங்கற்ற விளிம்புகள் இருக்கும். புசாங் மாதிரிகளில் இருந்த துகள்கள் உருண்டு மழுங்கியிருந்தன. அதோடு அவற்றின் ஓரங்களில் வெள்ளி குறைந்திருந்தது. இயற்கைத் தங்கத்தில் எப்போதும் கொஞ்சம் வெள்ளி கலந்திருக்கும். ஆற்றில் நெடுங்காலம் உருளும்போது மேற்புறத்து வெள்ளி நீரில் கரைந்து வெளியேறிவிடும். ஆக, அது ஆற்றுத் தங்கம். நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துப் பாறைக்குள் ஆற்றுத் தங்கம் எப்படிப் போகும்? 5 கிலோ மாதிரியை டன்னுக்கு 3 கிராம் என்று காட்ட எவ்வளவு தங்கம் தூவ வேண்டும் என்று கணக்குப் பார்த்தால், வெறும் 15 மில்லிகிராம்! ஒரு சிட்டிகைகூட இல்லை. சிட்டிகைக்கும் குறைவான தூளில் 6 பில்லியன் டாலர் நின்றுகொண்டிருந்தது.

தங்கம் கலந்ததற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. நிறுவனத்தின் தலைமைப் புவியியலாளர் மீது கனடாவில் பங்குச் சட்டத்தின்படி தொடுக்கப்பட்ட வழக்கிலும் 2007-இல் அவர் குற்றவாளி அல்லர் என்று தீர்ப்பாயிற்று. பணம் மட்டும் திரும்பவில்லை.

புசாங்கின் சூடு அடங்கியதும் கனடா 2001-இல் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் 1989 முதலே இத்தகைய விதித்தொகுப்பு இருக்கிறது. ஆய்வு முடிவுக்குத் தகுதிபெற்ற ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். தங்கமே இல்லாத மாதிரியையும், செறிவு முன்பே தெரிந்த மாதிரியையும் ஆய்வகத்துக்குச் சொல்லாமல் இடையிடையே அனுப்பிச் சோதிக்கும் வழக்கமும் வலுத்தது. தங்க இருப்பையும் எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதைப் பொறுத்து மூன்றாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்: துளைகள் தூரதூரமாக இருந்தால் "உய்த்துணர்ந்த" வளம், நெருங்கினால் "சுட்டிய" வளம், மிக நெருங்கினால் "அளந்த" வளம். இலாபத்துடன் எடுக்க முடியும் என்று நிறுவிய பிறகுதான் அது "சேமிப்பு" ஆகும். "உய்த்துணர்ந்த" என்ற சொல்லைப் பார்த்தால், உறிஞ்சுகுழல் கேக்கில் இன்னும் இரண்டு மூன்று தடவைதான் குத்தப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான கண்டுபிடிப்புக்கும் ஒரு சோர்வுக் காலம் உண்டு. கனடிய முதலீட்டாளர் பியேர் லசோண்ட் வரைந்த ஒரு வளைவு இதைக் காட்டும். கண்டுபிடிப்பின்போது பங்கு ஏறும். பிறகு ஆண்டுக்கணக்கில் சுற்றுச்சூழல் ஆய்வு, உரிமம், கடன் என்று இழுக்கும்போது செய்தியே இல்லாமல் இறங்கும். சுரங்கம் திறக்கும் நேரத்தில் மறுபடி ஏறும். இடைப்பட்ட காலத்தில் செலவுக்குப் பணம் வேண்டும் என்று நிறுவனம் புதிய பங்குகளை வெளியிடும். 200 மில்லியனில் 2 மில்லியன் பங்கு வைத்திருந்தவரிடம் நிறுவனத்தின் 1 விழுக்காடு இருந்தது. மேலும் 100 மில்லியன் பங்குகள் வெளியானால் அது 0.67 விழுக்காடு. பானைச் சாம்பாரில் தண்ணீர் ஊற்றுவது போல. ஆனாலும் நல்லபடி நடப்பதும் உண்டு. நம் பகாங் மாநிலத்தின் செலின்சிங் தங்கச் சுரங்கத்தை நடத்துவது கனடாவில் பட்டியலிடப்பட்ட ஒரு சிறு நிறுவனம்தான்; 2010 முதல் அங்கே தங்கம் எடுக்கப்படுகிறது.

புலனத்தில் வரும் "தங்கம் கிடைத்துவிட்டது, உடனே வாங்குங்கள்" செய்திகளில் பல, இந்தக் கணக்குகளுக்குள்ளேயே வராதவை. அவற்றில் துளை எண் இருக்காது, உண்மைத் தடிமன் இருக்காது, பொறுப்பேற்ற புவியியலாளர் பெயர் இருக்காது. பல நேரம் நிறுவனமே எந்தச் சந்தையிலும் இருக்காது. மலேசியப் பங்குப் பத்திர ஆணையத்தின் இணையத்தளத்தில் எச்சரிக்கைப் பட்டியல் ஒன்று இருக்கிறது. வீட்டில் யாராவது இப்படிப் பணம் போட நினைத்தால், பட்டியலை அவர்களுக்கு எடுத்துக்காட்டுங்கள். பெரியவர்களுக்குப் பாடம் எடுப்பதாக இல்லாமல், "இதில் எத்தனை துளை போட்டார்கள், மாமா?" என்று கேட்டாலே போதும். என் மாணவி கேட்டதும் அதைத்தான். மாமாவுக்குப் பதில் தெரியவில்லை, செய்தி அனுப்பியவரிடம் கேட்டார், அவருக்கும் தெரியவில்லை. பணம் இன்னும் சேமநிதியில்தான் இருக்கிறது.

இந்த வாரக் கணக்கு. ஒரு நிறுவனத்தின் அறிவிப்பு இப்படி இருக்கிறது: "85 மீட்டர் முதல் 97 மீட்டர் வரை, 12 மீட்டருக்கு டன்னுக்கு 4 கிராம் தங்கம், இதனுள் 1 மீட்டருக்கு டன்னுக்கு 43 கிராம். துளைக்கும் நாளத்துக்கும் இடைப்பட்ட கோணம் 20 பாகை." (அ) அந்த 1 மீட்டரை நீக்கினால் மீதி 11 மீட்டரின் சராசரிச் செறிவு என்ன? (ஆ) சைன் 20° என்பது 0.342 எனக் கொண்டு, 12 மீட்டரின் உண்மைத் தடிமனைக் காண்க. (இ) அந்த 1 மீட்டர் மாதிரியின் அரைத் தண்டு பெட்டியில் இருக்கிறது. அதை வைத்து நீங்கள் அடுத்து என்ன சோதனை செய்யச் சொல்வீர்கள், ஏன்? மூன்றாவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உண்டு. உங்கள் அறிவியல் ஆசிரியரோடு பேசி எழுதுங்கள்.